ஹன்சாயை மன்னித்தவர்

ரீமிப் பேட்டையில் ஹன்சாய் நுழைய முடியாத வீடு என்று ஒன்று இருந்ததில்லை. வேற்று ஆண்கள் தாண்டக்கூடாத வாசல்களை அவள் சலாம் சொல்லிக்கொண்டே தாண்டுவாள். முற்றத்தில் கம்பு இடிப்பவளின் கையிலிருந்து உலக்கையை வாங்கி, நாலு இடி இடித்தபடியே பேச்சைத் தொடங்குவாள். யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யாருடைய சக்களத்தி கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்படியே பேசிக்கொண்டு வந்து, "நாளைக்குச் சொட்டு மருந்து போட வருவாங்க. புள்ளைங்கள வெளிய அனுப்பிடாத" என்று முடிப்பாள்.

அதுதான் அவள் வேலை. மருந்துப் பெட்டி அவளிடம் கிடையாது. பெட்டி தூக்குபவர்கள் வருவதற்கு முன்னால் போய்த் தாய்மார்களின் மனதைக் கரைக்க வேண்டும். கானோ நகரத்தில் அது சுலபமான காரியம் இல்லை. மருந்து குடித்தால் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வற்றிவிடும் என்று பள்ளிவாசல் முற்றத்தில் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

"ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் ஊத்தச் சொல்றியே, உன் புள்ளைங்களுக்கு ஊத்தினியா?" என்று எவளாவது கேட்பாள். ஹன்சாய் காத்திருப்பது அந்தக் கேள்விக்குத்தான்.

"என் மூணும் குடிச்சிருக்கு. சந்தேகமா இருந்தா வந்து விரலப் பாரு. எம் பொண்ணு ஓடுற ஓட்டத்துக்கு அவ பின்னாடி நீ ஓடிப் பாரு, அப்புறம் பேசு."

எதிரில் இருப்பவள் சிரித்துவிடுவாள். சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

மருந்து குடித்த பிள்ளையின் இடது சுண்டுவிரல் நகத்தில் மை வைப்பார்கள். ஹன்சாயின் வீடு இருந்த தெருவுக்குப் பெட்டி தூக்கி வருபவள் தசல்லா. நாலு வீடு தள்ளி இருந்த விதவை. ஹன்சாயைவிடப் பத்து வயது மூத்தவள். மற்ற நாட்களில் காலையில் வாசலில் பயற்று வடை சுட்டு விற்பாள். சொந்தத் தெருவில் யாரும் மனம் கரைக்கப் போகக்கூடாது என்பது அலுவலக விதி. அதனால் மருந்து நாளில் ஹன்சாய் ஏழு மணிக்கே வேலைக்கென்று கொடுத்த நீல முக்காட்டை மாட்டிக்கொண்டு பேட்டையின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். மாலையில் திரும்பும்போது மூன்று பிள்ளைகளும் வாசலுக்கு ஓடிவந்து சுண்டுவிரலை நீட்டுவார்கள். பெரியவனுக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. தலைப்பிள்ளையைத் தாய் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதால் அவன் அவளுக்கு வெறும் பெரியவன்தான். அடுத்தவன் யஹாயா. இரண்டு ஆண்களுக்குப் பிறகு பிறந்ததால் கடைசிப் பெண்ணுக்குக் காண்டே என்று பேர்.

அந்த மூன்று நகங்களையும் பார்க்கும்போது ஹன்சாய்க்கு ஒரு பெருமை உண்டு. அந்த மை சும்மா கிடைத்ததல்ல.

அவள் கணவர் சாபியு பெரிய சாலைத் திருப்பத்தில் மோட்டார் சைக்கிள் டயர் விற்றார். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் ஊரையே அள்ளிக்கொண்டு போன ஒரு வருஷம், எங்கிருந்தோ வந்தவர்கள் கூடாரம் போட்டு மருந்து கொடுத்தார்கள். அவருடைய தம்பி மம்மானையும் அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். மம்மான் பிழைத்தான், காது போய்விட்டது. காய்ச்சலால் போனதா மருந்தால் போனதா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அது சோதனை மருந்து என்று மட்டும் பிற்பாடு தெரியவந்தது.

"எங்கம்மாகிட்ட யாரும் கேக்கல. கட்டை விரலப் புடிச்சுக் காகிதத்துல அழுத்தினாங்க, அவ்வளவுதான்" என்பார் சாபியு. "இலவசமா வீடு தேடி வர்ற மருந்து என் வாசப்படி ஏறாது."

காண்டே பிறந்த பின் ஹன்சாய் தன் தகப்பனார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பதினேழாம் நாள் சாபியு வந்தார். மாமனார் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அவ இஷ்டப்படியே ஆகட்டும். வீட்டுக்கு வர்றவங்க சொட்டு போட்டுட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் ஊசி மட்டும் வேண்டாம்."

இவ்வளவு இறங்கி வந்தவரிடம் இன்னும் என்ன கேட்பது? ஊசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் கைக்குழந்தையோடு கிளம்பி வந்தாள். வழியெல்லாம் அவர் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

மூன்று வருஷம் கழித்து, மழைக்காலத்தில், காண்டேக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். நாலாம் நாள் காலை உடம்பு குளிர்ந்திருந்தது. ஹன்சாய் சந்தோஷமாகப் பிள்ளையைத் தூக்கி, கூழ் குடிக்க வைக்கலாம் என்று தரையில் நிறுத்தினாள். இடது கால் ஈரத்துணி போல மடங்கியது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி மடங்கியது. காண்டே அழக்கூட இல்லை. தன் காலை யாரோ ஒளித்துவைத்துவிட்ட மாதிரி குனிந்து பார்த்தாள்.

ஐந்து வருஷமாக வீடு வீடாக எதைச் சொல்லி ஹன்சாய் மற்றவர்களை எச்சரித்தாளோ அது இப்போது அவள் கையில் தொங்கியது. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

ஆஸ்பத்திரியில் மலத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு பெண் அதிகாரி படிவத்தோடு வந்தாள்.

"எத்தனை தடவை சொட்டு குடிச்சிருக்கா?"

"பதினொண்ணு" என்றாள் ஹன்சாய். "ஒண்ணுகூடத் தவறல. நான் இந்த வேலையில இருக்கறவ."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சாபியுவிடம் திரும்பினாள். "மருந்து போடும்போது வீட்ல நீங்க இருப்பீங்களா? நீங்க சொல்லுங்க."

சாபியுவின் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். எல்லா மருந்து நாளிலும் காலையில் வீட்டில் இருந்தவர் அவர்தான். அவர் சுவரில் ஒட்டியிருந்த கொசுவலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ சொல்றதுதான் கணக்கு."

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இளம்பிள்ளை வாதம்தான். "பதினோரு தடவை குடிச்ச புள்ளைக்கு வர்றது ரொம்ப அபூர்வம்மா" என்றாள் அதிகாரி. "சத்துக் குறைவா இருந்தா சில நேரம் மருந்து புடிக்காது. ஆனா உம் புள்ளயப் பாத்தா அப்படியும் தெரியல. எனக்கே விளங்கல."

பேட்டைக்கு விளங்கிவிட்டது. நீல முக்காட்டுக்காரியின் பெண்ணுக்கே கால் போய்விட்டது என்ற செய்தி அந்தி சாய்வதற்குள் எல்லாத் தெருவுக்கும் போயிற்று. அடுத்த முறை ஹன்சாய் சலாம் சொன்னபோது சில முற்றங்களில் பதில் வரவில்லை. ஒருத்தி தன் கைக்குழந்தையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தி மறைக்காமல் கேட்டாள்: "ஓடுற ஓட்டத்தப் பாருன்னு சொன்னியேம்மா, இப்ப எங்க ஓடுறா? உன் மருந்து காப்பாத்தலயா, இல்ல உன் மருந்தாலதான் போச்சா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டுப் போ."

ஹன்சாய் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கேள்வி அவளோடு கூடவே நடந்து வந்தது. அவர் வேண்டாம் என்றுதானே சொன்னார்? தகப்பன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு அவரைத் தலைகுனிய வைத்தது யார்? பதினோரு முறை பிள்ளையின் வாயைத் திறக்க வைத்தது யார்?

பிற்பகல் தொழுகைக்குச் சாபியு முற்றத்தில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். காண்டே பாயில் உட்கார்ந்து, வராத காலைக் கையால் தூக்கி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். ஹன்சாய் போய் அவர் எதிரில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"என்ன மன்னிச்சிடுங்க."

தண்ணீர்க் கெண்டி அவர் கையில் அப்படியே நின்றது. "எதுக்கு? எந்திரி. அல்லாஹ் எழுதினது."

"அவன் மேல போடாதீங்க. நீங்க தலபாடா அடிச்சிக்கிட்டீங்க, நான் கேக்கல. உங்க வாக்கக் கேட்டிருந்தா எம் பொண்ணு நடந்திருப்பா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, எனக்கு அது போதும்."

கெண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

"மன்னிச்சுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு வேகமாக எழுந்து போய்விட்டார்.

ஹன்சாய் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். மனது ஓரளவு லேசானது. ஒரு கடிந்த சொல் இல்லை, ஒரு குத்தல் இல்லை. இப்படி ஒரு மனிதர் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டாள். அன்று சோளக் களிக்கு அவருக்குப் பிடித்த மாதிரி கீரைக் குழம்பில் காய்ந்த மீன் போட்டு வைத்தாள். அவர் பாதிகூடச் சாப்பிடவில்லை. பிள்ளையின் கவலை என்று எண்ணினாள்.

மறுநாள் காலை நீல முக்காட்டை மடித்து எடுத்துக்கொண்டு தசல்லா வீட்டுக்குப் போனாள். தசல்லா எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வாங்க வந்தவர்கள் போயிருந்தார்கள்.

"அக்கா, இத ஆபீஸ்ல குடுத்துடுங்க. நான் இனிமே வரல."

"என்னடி பேசுற நீ?"

"வேற என்ன பேசுறது? எந்த வாயால இனிமே போய்ச் சொல்லுவேன்? நேத்து அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். அவர் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டேன்."

தசல்லாவின் கரண்டி நின்றது. "மன்னிப்பா? நீயா கேட்ட?"

"நான்தான்."

"அவரு என்ன சொன்னாரு?"

"மன்னிச்சுட்டேன்னாரு. தங்கமான மனுஷன்க்கா. ஒரு வார்த்த—"

"மன்னிச்சாரா?" தசல்லா எழுந்தே விட்டாள். "மன்னிச்சேன்னு சொன்னாரா? அந்த வாயால? வல்லாஹி, அவ்வளவு தூரத்துக்குப் போயிட்டாரா அந்த மனுஷன்!"

சட்டியில் வடை கருகும் வாசனை வந்தது. தசல்லா அதைப் பார்க்கவில்லை.

"ஹன்சாய், உம் பொண்ணு ஒரு சொட்டு குடிச்சதில்ல. பசங்களும் குடிச்சதில்ல. நான் ஊத்தல. மை மட்டும்தான் வச்சேன்."

ஹன்சாய்க்குச் சொற்கள் காதில் விழுந்தன, பொருள் வரவில்லை. "எந்தத் தடவ?" என்று கேட்டாள்.

"எல்லாத் தடவையும்."

தசல்லா அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே சொன்னாள்: "உன்ன உங்கப்பா வீட்லேருந்து கூட்டிட்டு வந்த வாரமே அவரு வாசல்ல நின்னுட்டாரு. 'விரல்ல வையி, வாயில வேண்டாம்'னாரு. மாட்டேன்னேன். 'அப்ப மறுத்த வீடுன்னு எழுதிக்க, நீலமுக்காட்டுக்காரி வீடே மறுத்துச்சுன்னு எழுது, அவ வேலையும் போகட்டும், அவளும் மறுபடி அப்பன் வீட்டுக்குப் போகட்டும்'னாரு. உன் குடும்பம் நிக்கட்டும்னுதான்டி செஞ்சேன். உனக்காகத்தான்."

"எனக்காக" என்றாள் ஹன்சாய்.

"ஆமாடி. சத்தியமா உனக்காக."

"நான் உங்க வீட்ல வடை தின்னுக்கிட்டு, எம் புள்ளைங்க பதினொரு தடவ குடிச்சிட்டாங்கன்னு பெருமை பேசினப்ப எல்லாம் நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க."

ஹன்சாய் தான் கொடுத்த முக்காட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சாபியு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த தொப்பியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு என்ன மன்னிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஹன்சாய்..."

"நேத்து மன்னிச்சேன்னு சொன்னீங்களே. என்ன தப்புக்கு? அத மட்டும் சொல்லுங்க."

அவர் சுவரில் சாய்ந்தார். "மம்மான உனக்குத் தெரியும். அவன் புள்ளைங்க அழுதாக்கூட அவனுக்குக் கேக்காது. அத தினம் பாக்கறவன் நான். எனக்குப் பயம். உன்கிட்ட சண்ட போடத் தெம்பு இல்ல. நீயும் வேணும், அந்த மருந்தும் வேண்டாம். நான் என்ன பண்ணுவேன்?"

"பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம். அப்பா வீட்லயே இருந்திருப்பேன். சண்டையாவது நம்ம சண்டையா இருந்திருக்கும். எங்கப்பா முன்னாடி உக்காந்து வாக்குக் குடுத்தீங்க. அந்தம்மா கேட்டப்போ 'அவ சொல்றதுதான் கணக்கு'ன்னீங்க. அதையெல்லாம்கூட விடுங்க. நான் உங்க காலடியில உக்காந்து, எம் பொண்ணு கால நானே போக்கிட்டேன்னு அழுதேன். அப்பவாவது வாயத் திறந்திருக்கலாமே? பாத்துக்கிட்டே நின்னீங்களே."

"சொல்லணும்னுதான் நினைச்சேன். வாய் வரல."

"மன்னிச்சேன்னு சொல்ல மட்டும் வந்துச்சு."

பக்கத்து அறையிலிருந்து காண்டே கூப்பிட்டாள். இருவருமே அசையவில்லை. யஹாயாதான் தங்கையிடம் ஓடினான்.

அன்று காலையே ஹன்சாய் காண்டேயை முதுகில் கட்டிக்கொண்டு, இரண்டு பையன்களையும் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சாபியு வழி மறிக்கவில்லை. பையன்கள் சொட்டு குடித்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது இப்படித்தான் இருக்குமா?" என்று பெரியவன் கேட்டபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருவருக்கும் தோளில் ஊசியும் போடச் சொன்னாள். பிறகு அதே அதிகாரியின் அறைக்குப் போய், "எழுதினத அடிச்சிடுங்க. பதினொண்ணு இல்ல, ஒண்ணுமே இல்ல" என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தசல்லாவின் பேரையும் சொன்னாள்.

தசல்லாவின் வேலை போயிற்று. இரண்டு தடவை ஹன்சாயின் வாசலில் வந்து நின்று சலாம் சொன்னாள். ஹன்சாய் மெல்லப் பதில் சலாம் சொன்னாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

தகப்பனார் வீட்டுக்கும் அவள் போகவில்லை. போனால் பையன்கள் இருவரும் சாபியுவின் வீட்டில்தான் இருப்பார்கள். ஊர் வழக்கம் அது. இன்னொரு முறை அவர்களை அவரிடம் தனியாக விட்டுப் போக அவள் தயாராக இல்லை. அதே வீட்டில் சமைத்தாள், துவைத்தாள். தேவைக்கு மேல் அவரிடம் ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த மருந்து நாளுக்கு அவர்கள் தெருவுக்குப் பெட்டி தூக்க ஆள் இல்லை. விதியைத் தளர்த்தி ஹன்சாயிடமே கொடுத்தார்கள். காண்டேயை முதுகில் கட்டிக்கொண்டே போனாள். முதல் வீடு டேலுவினுடையது. தட்டிக்கொடுத்தும் பேசுவாள், குத்திக்காட்டியும் பேசுவாள் டேலு. ஹன்சாய் உட்காரக்கூட இல்லை, வந்த கையோடு சொல்லிவிட்டாள்: "எம் பொண்ணு மருந்து குடிச்சும் கால் போயிடுச்சுன்னு பேசிக்கறீங்க. அவ குடிக்கல. என் வீட்ல மை மட்டும்தான் வச்சிருக்காங்க. எனக்கே தெரியாது."

டேலு அதிர்ச்சியடையவில்லை. சங்கடமாகத் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"உனக்கு மட்டும்தான்டி தெரியாது" என்றாள்.

"என்ன?"

"தெருவுக்கே தெரியும். உன் வீட்ல ஆரம்பிச்சப்புறம் எங்க வீட்டுக்காரரும் அதே மாதிரி வைக்கச் சொன்னாரு. அப்புறம் அடுத்த வீடு. நீலமுக்காட்டுக்காரி வீட்லயே அப்படித்தான், எங்க வீட்டுக்கு மட்டும் என்னன்னு கேட்டா தசல்லா என்ன சொல்லுவா?" டேலு குரலைத் தாழ்த்தினாள். "நீ நல்லது கெட்டது கேக்க வரும்போதெல்லாம் அந்தக் கதையச் சொல்லுவ. நாங்க தலையாட்டுவோம். நீ போனதும் சிரிப்போம். பாவமாவும் இருக்கும்னு வையி. ஆனா யாரு வந்து சொல்றது? புருஷன் பொண்டாட்டி விஷயம்."

அந்த முற்றத்தில் எத்தனை முறை உலக்கை பிடித்திருக்கிறாள்! கல்யாணத்துக்கும் பேறுகாலத்துக்கும் எத்தனை முறை இவர்களோடு ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டிருக்கிறாள்! ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முகத்திலும் அவள் போன பிறகு எழுந்த சிரிப்பைப் பார்த்தாள். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று கால் சொன்னது.

முதுகில் காண்டே நெளிந்தாள். ஒரு கால் ஹன்சாயின் இடுப்பை உதைத்தது. மற்றது சும்மா தொங்கியது. டேலு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அஞ்சு வயசுக்குள்ள எத்தனை பேரு?" என்றாள் ஹன்சாய்.

"மூணு."

"கூப்பிடு."

டேலு வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அவள் கணவர் வீட்டில் இல்லை. பிறகு உள்ளே போய் மூன்று பேரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சொட்டு விட்டு, விழுங்குகிற வரையில் தாடையைப் பிடித்தபடியே நின்றாள் ஹன்சாய். அன்று பதினாலு வீடு ஏறினாள். ஒன்பது வீட்டில் குடித்தார்கள். நாலு வீட்டில் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றே எழுதிக்கொண்டாள். ஒரு வீட்டில், "எனக்கும் மை மட்டும் வச்சிடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்கள். அங்கே மட்டும் அவள் சத்தம் போட்டாள்.

வியாழக்கிழமைகளில் காண்டேயின் காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது சாபியுவின் வேலையாயிற்று. யாரும் சொல்லவில்லை, அவராகவே கடையைச் சாத்திவிட்டு வந்தார். நோன்பு மாதம் முடிந்த வியாழன் அன்று, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் தயங்கி நின்றார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு ஹன்சாய்? நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். ஊர் முன்னாடி வேணும்னாலும் கேக்கறேன்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"நீங்க பயந்ததப் புரிஞ்சிக்கறேன். பொய் சொன்னதக்கூட என்னிக்காவது மறப்பேனோ என்னவோ. நான் அழுதத நின்னு பாத்தீங்களே, அத எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. போயிட்டு வாங்க, நேரமாச்சு. பன்னெண்டு மணிக்கு மேல பயிற்சி குடுக்கற அம்மா இருக்க மாட்டாங்க."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காண்டேயின் தொங்கும் காலைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.